தாம்பூலத்தைத் தடுத்தவர்

"கொஞ்சம் பொறுங்கப்பா!"

வெற்றிலைத் தட்டு கை மாறப்போகிற நேரத்தில் குறுக்கே கையை நீட்டினார் பெரியமுத்து. வேறு யாருமில்லை, மாப்பிள்ளை காளிச்சாமியின் தாத்தாதான்.

பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் அன்று ஞாயிற்றுக்கிழமை. கொளுந்து எடுக்கிற வேலை இல்லை. வரிசை வீடுகளான லயத்தில் பெண் வீட்டு வாசல் முழுக்க ஆட்கள். பெண்ணின் அப்பா நல்லமுத்து வழக்கப்படி, "எங்க குலசாமி ஆலடி மாடன் சாட்சியா..." என்று அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்.

கிழவர் தன் மகன் குருசாமியின் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, நமக்கும் ஆலடி மாடன்தானே சாமி?"

மாப்பிள்ளையின் அப்பாவான குருசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமா..."

அவ்வளவுதான். சபை கொதித்தது.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே சாமின்னா பங்காளிகளாச்சே!"

"அண்ணன் தங்கச்சிக்கா பரிசம் போட வந்தீக?"

"இதைக் கூடவா விசாரிக்க மாட்டீக?"

விசாரிக்கவில்லைதான். இரண்டு குடும்பமும் வேலைக்கு ஆள் கூட்டிவந்த வேறு வேறு கங்காணிகளோடு மலை ஏறியவை. கீழ்நாட்டில் ஊரும் வேறு. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று, பெரியவர்களும் சரி என்றார்கள். சாமியைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சுருளியம்மாள் மாமனாரைப் பார்த்த பார்வையில் பச்சைத் தேயிலை கருகியிருக்கும்.

"ஏன் மாமா, இதை வீட்டுலயே சொல்லக் கூடாதா? சபையில வச்சா பேரன் கல்யாணத்தைக் கெடுக்கணும்?"

"கெடுக்கிறதுன்னா கெழடுகளுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெரியமுத்து நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

நல்லமுத்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காளிச்சாமி குனிந்த தலை நிமிரவில்லை. பாவம், ஒரு வருஷமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தவன்.

அப்போது உள்ளே இருந்து விறுவிறுவென்று வந்தாள் கல்யாணப் பெண் சாந்தம்மாள். தலை நிறையப் பூ, கண் நிறையத் தண்ணீர். நேராகக் கிழவரிடம் போனாள்.

"தாத்தா, ஆலடி மாடன் உங்களைப் பெத்த ஐயா கும்பிட்ட சாமியா?"

கிழவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அது பெரிய கதை தாயி."

"ஆரம்பிச்சுட்டாரு!" குருசாமி தலையில் அடித்துக்கொண்டார். "அந்த மலையேறுன கதைதானே? காலையில வர்ற வழியிலயே வேணாம்னேன். அதை இப்ப யாரு கேட்டா?"

"நான் கேக்கேன் மாமா" என்றாள் சாந்தம்மாள். கிழவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "முழுசாச் சொல்லுங்க தாத்தா."

"எனக்கு எட்டு வயசு. காடு வெட்ட வந்த எங்க ஐயாவோட குரங்கணி ஏத்தத்துல ஏறி வந்தேன். பாதி வழியில ஐயா பேதியில போயிட்டாரு. கூட வந்தவங்க என்னைய விட்டுட்டு மூட்டையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. இருளப்பன்னு ஒருத்தரு, முன்னப் பின்னத் தெரியாதவரு, அவரு மட்டும் தன் மூட்டையைக் கீழ போட்டுட்டு என்னையத் தோள்ல தூக்குனாரு."

சலசலப்பு அடங்கியது.

"அப்புறம்?"

"அவருதான் வளத்தாரு. தெனம் காலையில கேப்பாரு: உங்க ஐயா பேரு என்ன, ஊரு என்ன, சாமி என்ன? மூணையும் சொன்னாத்தான் கஞ்சி. 'நீ இன்னொருத்தன் வம்சம்டா, அதை மறந்துறாத'ம்பாரு."

"நீங்க என்ன சொல்லுவீங்க?" சாந்தம்மாள் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கிழவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பையனாட்டம் உரக்கச் சொன்னார்:

"ஐயா பேரு குருசாமி! ஊரு சின்னமனூரு! சாமி கரையடி அய்யனாரு!"

மகன் குருசாமி திறந்த வாயை மூடவில்லை. தனக்கு வைத்திருப்பது யாருடைய பேர் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப ஆலடி மாடன்?" என்றாள் சாந்தம்மாள்.

"அது இருளப்பன் சாமி. அவரு பிள்ளைகுட்டி இல்லாமச் செத்தாரு. அவரு சாமிக்கு வெளக்கு வைக்க ஆளு வேணாமா? நான் வச்சேன். எம்மகன் அதையே குலசாமின்னு நெனச்சுக்கிட்டான்."

நல்லமுத்து துள்ளி எழுந்தார்.

"அப்ப வம்சம் வேற! தூக்கி வளத்தவருதான் எங்க பங்காளி! எங்க ஆளு தோள்ல சுமந்த பிள்ளை வீட்டுக்குப் பொண்ணு குடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். பிடிங்க மச்சான் தட்டை!"

குலவைச் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பியது. காளிச்சாமி சிரித்த சிரிப்பைப் பார்க்கவேண்டுமே! சற்றுமுன் திட்டிய சுருளியம்மாள் ஓடிவந்து மாமனாரின் காலைத் தொட்டாள். நாலு பேர் கிழவரைச் சுற்றிக்கொண்டு, இருளப்பன் எப்படி இருப்பார், என்ன சாப்பிடுவார் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் சாந்தம்மாள் கிழவரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் தாத்தா, வம்சம் வேறன்னு தெரிஞ்சிருந்தும் எதுக்குத் தட்டைத் தடுத்தீங்க? எனக்கு உசுரே போயிருச்சு."

பெரியமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மன்னிச்சுக்க தாயி. அந்த மனுசன் பேரை ஒரு நல்ல காரியத்துல நாலு பேரு முன்னால சொல்லிரணும்னு நாப்பது வருசமா வாயைத் தெறக்கேன். தட்டு ஒழுங்கா மாறியிருந்தா, இன்னைக்கு மட்டும் என்னைய யாரு கேட்டிருப்பா?"