கடைசித் தட்டு

கோவில்பட்டி வளவில் இப்போது மருந்து சோதிக்கிற கம்பெனிக்காக வீட்டுக்கு வீடு கூலிக்குப் பூனைத்தோல் வளர்க்கிறார்கள். பேச்சித்தாய் வளர்த்தது தன் பூனை செம்பனின் தோலை. காதோரம் கிள்ளியெடுத்த துணுக்கைத் தட்டில் பரப்பி, கம்பெனி கொடுத்த வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துப் பச்சைப்பிள்ளையாகப் பார்த்துக்கொண்டாள். தட்டு நிறைந்தால் பிரித்து வேறு தட்டுகளில் விதைக்கணும். சில தரம் பிரித்ததும் தோலும் கிழடுதட்டி வளராமல் நின்றுவிடும். மிஞ்சியது கடைசித் தட்டு, கம்பெனிக்கு உரியது.

வாங்கிப்போக ஏஜெண்டு குருசாமி வந்தான்.

"தட்டு எங்க பேச்சிக்கா?"

"செம்பன் முதுகுல இருக்கு."

போன வாரம் வடைச்சட்டி கவிழ்ந்து செம்பனின் முதுகு வெந்துபோனது. அவள் பூனையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடி, அந்தத் தோலையே வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டாள்.

"பெட்டியப் பிடுங்கிருவாங்கக்கா. சோத்துக்கு என்ன செய்வ?"

"பிடுங்கட்டும். இந்தப் பக்குவத்துல வேற எவ வளப்பா? அவங்களே திரும்பக் கொண்டாருவாங்க."

குருசாமி குனிந்து பார்த்தான். மயிரில்லாமல் ரோஸ் நிறத்தில் தோல் நன்றாகப் பிடித்திருந்தது.

"கம்பெனிக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"தோலுக்காரனே வாங்கிக்கிட்டான்னு சொல்லு. வேணும்னா வந்து உரிச்சுக்கிடட்டும். நகமும் அவனோடதுதான்."