எங்க வம்சத்துல கிடையாது

"இந்த வருஷத்துல இது மூணாவது தடவை. என் தம்பிக்கு நீ என்னதான் ஆக்கிப் போடறே?"

கட்டிலில் இருமிக்கொண்டிருந்த தம்பியை விட்டுவிட்டு, அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டாள் நாத்தனார். மாடி வீட்டில் இருப்பவள். நோய் விசாரிக்கிறேன் என்று இறங்கி வந்தால், நோயாளியைத் தவிர எல்லாரையும் விசாரிப்பாள்.

"அதே சாப்பாட்டைத்தானே அண்ணி நானும் சாப்பிடறேன்?"

"அதான் பார்க்கறேனே! நீ மட்டும் கொழுகொழுன்னு இருக்கே."

தம்பி பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் போதும். அந்தப் பிள்ளை மறுநாளே பந்தாட ஓடிவிடும். வாத்தியார் ஆஸ்பத்திரியில் கிடப்பார். மூக்கடைப்பில் ஆரம்பித்து நிமோனியாவில் போய் நிற்கும். 'அப்பாடா' என்பதற்குள் மறுபடி மூக்கடைக்கும்.

"எங்க வம்சம் இரும்பு! கல்யாணத்துக்கு முன்னால இவன் ஒரு மாத்திரையைத் தொட்டிருப்பானா? எல்லாம் நீ காலெடுத்து வெச்ச நேரம்."

கல்யாண போட்டோவிலேயே மாப்பிள்ளை கையில் கைக்குட்டை இருக்கிறது. இவள் அதை எடுத்துக் காட்டவில்லை. நாத்தனாரிடம் சாட்சி காட்டி ஜெயித்தவர் யார்?

இவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கோளாறு கண்ணில் இருக்க, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறவர்களை தினமும் பார்க்கிறவள். இனி இருமல் மருந்து உதவாது என்று முடிவு கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கணவரை அழைத்துப் போனாள்.

அங்கே டாக்டர் ரத்தம் எடுத்தார். தடுப்பூசி போட்டார். ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"தடுப்பூசிங்கறது, திருடன் போட்டோவை போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டற மாதிரிம்மா. ஒட்டிட்டு, ஒரு மாசம் கழிச்சுப் போய் 'இவனைத் தெரியுமா'ன்னு கேட்டேன். உங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல பதில் சொல்ல ஆளே இல்லை."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது இருமலாகிவிட்டது.

"உடம்புல எதிர்ப்புச் சக்தியே ஊறலை. பரம்பரையா வர்ற குறை இது. சிலருக்கு வயசு வந்தப்புறம்தான் வெளியில தெரியும். சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் இவள். காதில் தேன் பாய்ந்தது.

"இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. நாலு பேர் தானம் கொடுக்கற ரத்தத்துல இருந்து எதிர்ப்புச் சக்தியை மட்டும் பிரிச்செடுத்து, மாசாமாசம் நரம்பு வழியா ஏத்தணும். அடிக்கடி படுக்க மாட்டார். ஆனா நுரையீரல்ல ஏற்கெனவே விழுந்த தழும்பு போகாதும்மா. கொஞ்ச வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

இவளுக்குத் தேன் கசந்தது.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருந்தா, உடனே அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே நாத்தனார் இறங்கி வந்துவிட்டாள்.

"ஊரான் ரத்தத்துல இருந்து எடுத்ததா? நம்ம வீட்டுப் பிள்ளை உடம்புலயா? போயும் போயும் அந்த ஆஸ்பத்திரிக்கா இவனை இழுத்துக்கிட்டுப் போனே?"

"நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துடேன் அக்கா" என்றார் வாத்தியார் மெல்ல.

"எனக்கா! நான் தும்மி யாராவது பார்த்திருக்கீங்களா? எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது. குறையை இவ சமையல்ல வெச்சுக்கிட்டு, என் ரத்தத்துல தேடறாங்களாம்! அம்மா போனப்புறம் உன்னை இடுப்புல சுமந்து வளர்த்தவடா நான். அந்தப் பாசம் நேத்து வந்தவளுக்கு எங்கே தெரியும்?"

பாசத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு மாடியேறினாள். பாதிப் படியில் நின்று, "இதை வெளியில சொல்லித் தொலைக்காதீங்க. என் பொண்ணுக்கு சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

முதல் தடவை மருந்து ஏற்ற திங்கட்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். மருந்து வந்து சேரவில்லை என்று வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள்.

நீளமான அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், நடுவில் திரைச்சீலைகள். நர்ஸ் வாத்தியார் கையில் ஊசியைக் குத்தி, சொட்டுகளைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "சிஸ்டர், எனக்குக் கொஞ்சம் வேகமாத்தான் ஏத்திவிடேன்மா. கீழ் வீட்டுல எங்கே போனேன்னு தேட ஆரம்பிச்சுடுவாங்க."

அந்தக் குரலை இவள் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். விருட்டென்று போய்த் திரையை இழுத்தாள்.

சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தாள் நாத்தனார். ஒரு கையில் பிஸ்கட். இன்னொரு கை வழியாக இரும்பு வம்சத்துக்குள் ஊரான் கொடுத்தது சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா!"

"கத்தாதேடா! பொண்ணு கல்யாணம் முடியட்டும், நானே சொல்லலாம்னுதான்..."

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"இவர் உங்க தம்பியாம்மா? டாக்டர் ஒவ்வொரு தடவை கேட்கறப்பவும், 'எனக்குக் கூடப் பிறந்தவங்கன்னு யாருமே இல்லை'ன்னு நாலு வருஷமா சொல்லிட்டிருக்கீங்களே!"