ஊருக்கு மட்டும்

அஜித்குமாரை ரம்யா ஒரே தட்டில் வெளியே தள்ளினாள். பேசி முடித்த மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை. அவனும் எதிரிலேயே நின்று, அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘இவருடைய அனுமதியை நீக்கவா?’ என்று திரை கேட்டது. ஆம் என்று தொட்டாள். அவன் பெயர் மறைந்தது.

கவுஞ்சி ஊரைச் சுற்றிக் காட்டுமாடுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் டேஷ்போர்டு அது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் தெரியாமல் எதிரில் போய் முட்டுப்படக் கூடாது என்று ரம்யா உருவாக்கியது. மாட்டைப் பார்த்தவர்கள் அதில் குறிப்பார்கள், மற்றவர்கள் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள்.

அவள் அப்பா சின்னக்கருப்பனுக்கு அதில் ஒரே பெருமை. வெள்ளனே எழுந்ததும் முதலில் அதைத்தான் திறப்பார். இந்த வருஷம் தன் தோட்டத்தில் ஒரு பூண்டுச் செடிகூட மிதிபடவில்லை, எல்லாம் பழனியாண்டவர் கருணை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆனால் கொஞ்ச நாளாக மாடுகள் நிற்கும் இடத்துக்கு டூரிஸ்ட் ஜீப்புகள் சொல்லி வைத்தாற்போல் வந்துவிடுகின்றன. ஹாரனுக்கும் கூச்சலுக்கும் மிரண்ட மாடுகள், மலைச்சரிவில் அப்பாவின் தோட்டத்துக்கு அடுத்த கீழ்ப்படியில் இருக்கும் வீரம்மாளின் தோட்டத்தில் இறங்கி ஓடுகின்றன. நேற்று மறிக்கப் போன வீரம்மாள் கால் முறிந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஒண்டிக்கட்டை, அந்தப் பூண்டுதான் அவளுக்கு எல்லாம்.

லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று இருந்ததை ரம்யா முன்னமே மூடிவிட்டாள். ஊரில் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அவர்களில் ஜீப் ஓட்டுகிறவன் அஜித்குமார் ஒருவன்தான்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லல ரம்யா.”

“பெறகு ஜீப்காரங்களுக்கு எப்படித் தெரியுது?”

அவன் ஜீப் சாவியை எடுத்தான். “இனி ஒங்க வீட்டுப் பக்கம் வரலாமா, கூடாதா? அதையும் நீயே சொல்லிரு.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கட்டிக்கொள்ளப் போகிறவனே இப்படி முதுகில் குத்துவானா என்று ரம்யா அழுதாள். அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினார். என்ன இருந்தாலும் ஜீப்காரன் ஜீப்காரன்தான், இப்போதாவது தெரிந்ததே, கல்யாணப் பேச்சை முறித்துக்கொள்வதுதான் நல்லது என்றார். அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை, பனி விலகுவதற்குள் அப்பாவின் தோட்டத்துப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. ரம்யா ஓடினாள்.

இரண்டு ஜீப்புகள் நின்றன. மாடுகள் ஏற்கெனவே வீரம்மாளின் பாத்திகளில் இறங்கிவிட்டன. மிச்சமிருந்த பூண்டும் சேறோடு சேறாகிக்கொண்டிருந்தது.

முன்னால் நின்ற ஜீப்பின் டிரைவர் வெளியூர்க்காரன். ரம்யா அவனை மறித்து நின்றாள்.

“மாடு இங்கன நிக்குன்னு அஜித்குமார்தான சொன்னாரு?”

“அது யாருங்க? எனக்கு இந்த நம்பர்லேர்ந்துதாங்க போன் வரும்.” பேர் தெரியாது என்றவன், அவள் நம்பாததைப் பார்த்து அந்த எண்ணுக்கே அடித்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால் போன் ஒலித்தது.

ரம்யா திரும்பினாள். வரப்பில் அப்பா நின்றிருந்தார். சட்டைப் பையில் அடிக்கிற போனை அவர் எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால், மிதிபடாத பூண்டு வரிசை வரிசையாக நின்றது.

அவள் அவரையே பார்த்தாள். அவர் கீழ்ப்படியைப் பார்த்தபடி சொன்னார்:

“ஜீப்பு வந்து வெரட்டுனாத்தான தாயி, மாடு நம்ம பூண்டுக் காட்ட விட்டு எறங்குது.”