காணாமல் போக வேண்டிய ட்ரெட்மில்

சொந்த வீட்டில், சொந்தப் பொருளை, ஆள் வைத்துத் திருடிவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார்.

பொருள், ட்ரெட்மில். வாங்கி நாலு மாதம் ஆகிறது.

வாங்கும்போதே மனைவி கேட்டாள். "ஓடணும்னா வாசல்ல ரோடு இருக்கே. அதுக்கு எதுக்குங்க மெஷினு?"

"புதுசா ஓட ஆரம்பிக்கிறவனுக்கு ரோடு சரிப்படாது. மழை, வெயில், நாய். எல்லாத்துக்கும் மேல, பார்க்கிறவன் சிரிப்பான்."

"இங்க நான் ஒருத்தி பார்ப்பேனே?"

"நீ சிரிச்சா வெளியில தெரியாது."

முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் ஓடினார். அதாவது, மெஷின் ஓடியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். இரண்டாம் வாரம் முழங்கால் முனக ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் மெஷின் மேலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். ஊரார் பார்வையை எல்லாம் அளந்து சொல்கிறவன், இதை வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

விற்றுவிடலாம். ஆனால் விற்றால் மனைவி சொன்னது சரி என்றாகிவிடும். அவள் குத்திக்காட்டுகிற ரகமும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மெஷினைக் காட்டி, "இவரு ஓடுறாருங்க" என்பாள். அவ்வளவுதான். வந்தவர் மெஷினைப் பார்ப்பார். அப்புறம் இவருடைய தொப்பையைப் பார்ப்பார்.

திருட்டுப் போனால் அந்தத் தொல்லை இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மனுஷனை இப்படிச் செய்துவிட்டார்களே என்று நாலு பேர் அனுதாபப்படவும் செய்வார்கள்.

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுக்கும் வேன்காரர் அவருடைய பழைய சிநேகிதர். பல தடவை வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறார்.

"மாட்டிக்கிட்டா என்னண்ணே பண்றது?"

"எப்படி மாட்டுவே? ஒன்பது மணிக்கு நான் கடைக்குப் போயிடுவேன். பதினோரு மணிக்கு அவ மருந்துக்கடை வேலைக்குப் போயிடுவா. பதினொன்றரைக்கு வா. இந்தா சாவி. பூட்டுல ரெண்டு கீறல் போட்டுட்டுப் போ."

"தூக்குறது ஒண்ணும் பெரிசில்ல. பீரோவையே ஒண்டியா இறக்குறவன் நான். அப்புறம் மெஷினை என்ன பண்ண?"

"நீயே வச்சுக்கோ. ஓடு."

"எனக்குத்தான் வேன் இருக்கேண்ணே."

மறுநாள் பன்னிரண்டேகால். கடையில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் கடைக்காரர். போன் அடித்தது.

"என்னங்க, நம்ம ட்ரெட்மில்லைத் திருடிட்டாங்க!"

"ஐயோ!" என்றார். ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. "போனா போகட்டும், மனசைத் தேத்திக்கோ. இனிமே நான் ஓடவே போறதில்ல."

"திருடனைப் பிடிச்சாச்சுங்க. ஸ்டேஷன்ல இருக்கேன். உடனே வாங்க."

பெரியவர் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தார். கடைக்காரருக்குத்தான் கண்ணை இருட்டியது.

ஸ்டேஷன் வாசலில் வேன். வேனில் ட்ரெட்மில். உள்ளே பெஞ்சில் வேன்காரர், சட்டைக் காலர் கிழிந்து, தலையைத் தொங்கப் போட்டிருந்தார். இவரைப் பார்த்ததும் இன்னும் தொங்கப் போட்டார்.

"கண்ணாடியை மறந்து வச்சுட்டுப் போயிட்டேன்னு பாதி வழியில திரும்பி வந்தேங்க" என்றாள் மனைவி. "வேன் தெருமுனையில திரும்புது. மேல நம்ம மெஷின்! கண்ணாடி இல்லாததால ஆளு மூஞ்சி சரியாத் தெரியல. இப்பவும் தெரியல."

"பூட்டுல கீறல் இருக்கு. ஆனா சாவி இவன் பாக்கெட்லயே இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "யார் குடுத்ததுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். சரி, கேஸ் எழுதி உள்ள தள்ளிட வேண்டியதுதான்."

வேன்காரர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் கடைக்காரரால் தாங்க முடியவில்லை.

"சார், அவனை விட்டுடுங்க. மெஷின் என்னுது, சாவி என்னுது, யோசனையும் என்னுது. அவனோடது வேன் மட்டும்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். முழங்காலைச் சொன்னார், தொப்பையைச் சொன்னார், நாற்காலியைக்கூட மறைக்கவில்லை. அங்கே இருந்த ஏட்டு கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார், கோப்பு குலுங்கியது.

"யாரும் ஓடாத மெஷின் சார். காணாமப் போனா யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் திட்ட வேண்டியதைத் திட்டி, எழுதி வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, வேன்காரரைப் போகச் சொன்னார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரி" என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவை மூடியபடி. "ரெண்டு கிலோமீட்டர் வேனை விடாம ஓடியே துரத்தி, ரயில்வே கேட்ல வச்சு மடக்கியிருக்கீங்க. அது எப்படிம்மா?"

"அதான் எனக்கும் புரியல சார். மாடிப்படி ஏறவே அலுத்துக்கிறவ" என்றார் கடைக்காரர்.

மனைவி முதல்முறையாகத் தலை குனிந்தாள்.

"வாங்காதீங்கன்னு அன்னிக்கு அவ்வளவு பேசிட்டு, இவர்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது சார்? இவர் கடைக்குப் போனதுக்கு அப்புறம், நாலு மாசமா தினமும் ஒரு மணி நேரம் நான் அதுலதான் ஓடிக்கிட்டிருக்கேன்."