மூத்தவளுக்கு முன்னால் ஒரு குறி

மனைவியின் பெயருக்கு நேரே இருந்த முகவரியைப் பெரியவர் அழித்தார். அந்த இடத்தில் இரண்டு அடைப்புக்குறிகளை மட்டும் வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

இறந்தவர்களுக்கு அப்படித்தான். அவரே வகுத்த முறை.

கோப்பின் முதல் வரியே அவளுடையது. அதற்குக் கீழே பார்க்க மனம் வராமல் உடனே மூடிவிட்டார்.

சொந்தபந்தம் மொத்தத்தையும் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதி வைத்திருந்தார் அவர். ஒரு கோப்பில் பெயர்ப் பட்டியல். இன்னொன்றில் அந்தந்தப் பெயருக்கு உரிய முகவரி. நல்லது கெட்டது எதுவானாலும் ஒரே கட்டளைதான். இயந்திரம் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, அதற்குள் இருக்கும் முகவரியை எடுத்து, தகவலை அனுப்பிவிடும்.

முகவரிக் கோப்பு மனைவியின் பொறுப்பு. இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், எதிரெதிர் மேசையில், முப்பது வருடம் நிரல் எழுதியவர்கள். அவர் தன் பிழையை ஒப்புக்கொள்வதற்குள் அவள் அதைத் திருத்தியிருப்பாள்.

பட்டியலிலிருந்து எந்தப் பெயரையும் நீக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் செத்தாலும் இந்தக் குடும்பம்தான்.

அந்த விதியில் ஒருமுறை அவரே மாட்டிக்கொண்டார்.

பதினோரு வருடங்களுக்கு முன் மூத்த மகள் தானாக ஒருவனைத் தேடிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாள். அன்றே அவளுடைய முகவரி வரியை அடியோடு அழித்தார். மறுநாள் இயந்திரம் பாதியில் நின்றது. மூத்தவள் என்ற பெயருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை என்றது.

பெயரை வெட்ட விதி இடம் தரவில்லை. பெயருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை வைத்தார்.

குறி இருந்தால் இயந்திரம் பெயருக்குள் எட்டிப் பார்க்காது. பெயரை வெறும் பெயராக எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடும்.

வீடும் அப்படியே போகப் பழகிக்கொண்டது.

நேற்று மருத்துவமனையில், கடைசியாக நினைவு இருந்தபோது, மனைவி அவர் விரலைப் பிடித்தாள். "அந்தக் குறிய எடுத்துட்டுப் பாருங்க" என்றாள்.

மகளை வரவழைக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"நாளைக்குக் காலைல அக்காவ எடுத்துடுவோம் அத்தான்." மனைவியின் தம்பி இப்போது அவர் அறைக் கதவோரம் நின்றிருந்தார். "மூத்தவளுக்குச் சொல்லப் போறீங்களா? இல்ல, உங்க மிஷினும் உங்கள மாதிரியே விறைச்சுக்கிட்டு நிக்குமா?"

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டியலில் மகளின் பெயரைத் தேடிப் பிடித்தார். முன்னால் இருந்த குறியை அழித்தார்.

இயந்திரம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். வரியை அழித்தவரே அவர்தானே. நின்றதும் மைத்துனரிடம், அவள் விலாசம் உனக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிடலாம். தலை குனிந்தாலும் பரவாயில்லை. அந்தச் சொற்களை நாக்கு ஒருமுறை உள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டது.

அனுப்புவதற்கு முன் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஓட்டினார்.

முகவரிகள் வரிசையாக வந்து விழுந்தன. மகளுடைய இடம் வந்தது. இயந்திரம் நிற்கவில்லை.

இரண்டு அடைப்புக்குறிகள். உள்ளே ஒன்றும் இல்லை.

முகவரிக் கோப்பைத் திறந்தார். இந்த முறை கீழே இறங்கினார்.

அவர் அழித்த வரி மறுபடி இருந்தது. பின்னால், அரைப்புள்ளி போட்டு, மாற்றம் செய்த தேதிகளைக் குறித்து வைத்திருந்தாள் மனைவி. அவளுடைய பழக்கம். முதல் தேதி, அவர் வரியை அழித்த அதே வாரம். அதன் பிறகு இரண்டு முறை மகள் வீடு மாறியிருக்கிறாள்.

அடைப்புக்குறிகளை வைத்த கடைசித் தேதி அவருக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன், ஆய்வுக்கூடத்தின் பழைய சகாக்கள் முப்பது பேர் அவரைப் பாராட்ட வீட்டுக்கு வந்த நாள்.

அன்று மனைவி அறையைவிட்டு வெளியே வரவில்லை. தலைவலி என்றாள். அவர் கதவைத் திறந்து, "வந்தவங்க முன்னாடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காத. இந்த வீட்டுக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முப்பது பேருக்கும் தேநீர் கொடுத்தாள். தட்டு ஆடவில்லை.

எடுத்துட்டுப் பாருங்க என்றுதான் நேற்றுச் சொன்னாள். கூப்பிடுங்க என்று சொல்லவில்லை.

"என்ன அத்தான், மூத்தவளுக்குப் போகுதா?"

"போகாது."

"அக்காவே போயிட்டா. உங்க வீம்பு மட்டும் போகமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மைத்துனர் மாடிப்படி இறங்கிப் போனார்.

காலடிச் சத்தம் தேயும்வரை அவர் நாற்காலியில் சாயவில்லை.

பிறகு மகளின் பெயருக்கு முன்னால் அந்தக் குறியை மறுபடி வைத்தார். ஓட்டினார்.

மூத்தவள் என்று வந்தது.

இன்னொரு முறை ஓட்டினார்.