மலைக்குப் பிறகுதான் பெயர்

நியூசிலாந்துக் கல்லூரியில் மாதிக்கு அது முதல் வாரம். வரவேற்புக் கூட்டத்தில் அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் மலையை, ஆற்றை, குலத்தைச் சொல்லி, கடைசியில்தான் பெயரைச் சொன்னார்கள். பேசியவரின் குலத்தார் உடனே பக்கத்தில் வந்து நின்று பாடினார்கள். கோயம்புத்தூரில் படித்த காலம் முழுக்க, எந்த ஊர், என்ன ஆளுங்க என்று யார் கேட்டாலும் "ஊட்டிப் பக்கம்" என்று மட்டும் சொல்லித் தப்பித்தவள் மாதி.

"அடுத்து நீதான்" என்றாள் அறைத்தோழி மேரியானா.

"நான் வேண்டாமே. எனக்காகப் பாட இங்க யாரு இருக்கா?"

"மலை இருக்குல்ல? அதைச் சொல்லு."

மாதி எழுந்தாள். "என் மலை ரங்கசாமி மலை. என் ஆறு மாயாறு. நான் இருளப் பொண்ணு" என்று வீட்டில் பேசும் மொழியிலேயே சொன்னாள். இத்தனை பேர் முன்னால் அந்த மொழி இவ்வளவு கணீரென்று ஒலிக்கும் என்று அவளுக்கே தெரியாது. பெயரைச் சொல்வதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கிளம்புகிறார்கள் என்று நினைத்துத் தலைநிமிர்ந்தாள். அரங்கு மொத்தமும் அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. அவளைச் சுற்றி நின்று பாடத் தொடங்கினார்கள். மாதி இன்னும் தன் பெயரைச் சொல்லவே இல்லை.