ஞாயிறு ஆறு மணி

"பிரஷ் எடுத்தாச்சா?" என்றாள் டெல்லா.

"ம்" என்றான் ஆர்லன்.

"கையுறை? டுலூத் ஊர்ப் பனி சும்மா விடாது. போன தடவை மறந்துட்டுப் போய் இருமிக்கிட்டே வந்தே."

ஆர்லன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்தான். "இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துட்டுப் போறேனே?"

"ஜட்ஜ் சொன்னது ஞாயிறு ஆறு மணி. அழக்கூடாது. ஒரு வாரம் ஓடியே போயிடும்."

வாசலில் கார் வந்து நின்றது.

மகள் அலையக் கூடாது, வீடு அவளுக்கு. பெற்றவர்கள்தான் வாரம் ஒருவராக வந்து தங்கிப் போக வேண்டும் என்பது விவாகரத்துத் தீர்ப்பு.

பத்து வயது டெல்லா பையை எடுத்து நீட்டினாள்.

"கிளம்புப்பா. நீ போனாத்தான் அம்மா காரை விட்டு இறங்குவா."